டின் மீன் போட்ட ரஷ்ய முட்டைக்கோஸ் சூப்: உருளை ஏன் வேகல, மீன் ஏன் கரைஞ்சுச்சு?

ரஷ்யாவுல குர்ஸ்க்ல மெடிசின் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார். ரூம்மேட்டோட பாட்டி ஊர்ல இருந்து வந்தப்ப புளிச்ச முட்டைக்கோஸ்ல டின் மீன் போட்டு ஒரு சூப் வச்சுக் குடுத்தாங்களாம், அட்டகாசமா இருந்துச்சாம், அதையே இவர் ஹாஸ்டல் கிச்சன்ல ரெண்டு தடவ வச்சுப் பாத்தாராம். ரெண்டு தடவயும் உருளைக்கிழங்கு ஒரு மணி நேரம் கொதிச்சும் கல்லு மாதிரியே நின்னுச்சு, மீன் கரைஞ்சு காணாமப் போச்சு, வாயில வச்சா உப்புக்கடல். எந்த டின் வாங்கணும், எங்க தப்பு பண்றேன், சோத்துல ஊத்தி சாப்பிடலாமா, இந்த மூணுதான் கேள்வி.

தம்பி, நீங்க பண்ண அத்தனையும் நானும் பண்ணிருக்கேன், அதுவும் வீட்டுக்காரப் பாட்டி பக்கத்துல நின்னு பாத்துட்டு இருக்கப்பவே. வரோனெஷ்ல ஒரு பழைய அபார்ட்மெண்ட்ல ஒரு ரூம் மட்டும் வாடகைக்கு எடுத்து இருந்தேன், கிச்சன் பொது. புது ஆர்வத்துல கோஸ், உருளை, டின் மீன் மூணையும் ஒரே சட்டில கொட்டி அடுப்ப ஏத்திட்டு, ஊர்ல இருந்து கொண்டுவந்த மஞ்சத்தூளும் மிளகாத்தூளும் வேற போட்டேன். பாட்டி ஒரு கரண்டி எடுத்து வாயில வச்சுட்டு ஒண்ணுமே சொல்லல, கரண்டிய கழுவி வச்சுட்டு போய்ட்டாங்க. திட்டியிருந்தாகூட பரவால்லன்னு இருந்துச்சு. மறுநாள் அவங்களா கூப்பிட்டு, பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்கார வச்சு, மொதல்ல இருந்து செஞ்சு காட்டினாங்க. நான் கீழ எழுதறதுல முக்காவாசி அன்னைக்குப் பாத்ததுதான், மிச்சம் அப்புறம் நானே செஞ்சு செஞ்சு அடிபட்டு கத்துக்கிட்டது.

இந்த சூப்புக்குப் பேரு ஷீ. ரஷ்யன்ல ரெண்டே எழுத்து, அதையே ஜெர்மன்ல எழுதணும்னா எட்டு எழுத்து வேணும், அத வச்சு அங்க ஒரு ஜோக்கே உண்டு. போர்ஷ்னு நம்மாளுங்களுக்குத் தெரிஞ்சது பீட்ரூட் போட்டது, இதுல பீட்ரூட் கெடையாது, கோஸும் புளிப்பும்தான் உயிர். "ஷீயும் காஷாவும் நம்ம சாப்பாடு"ன்னு ரஷ்யன்ல எதுகையோட ஒரு பழமொழி இருக்கு, காஷான்னா தானியக் கஞ்சி. இன்னொண்ணு இன்னும் நல்லாருக்கும், "பெத்த அப்பன்கூட சலிச்சுப் போவான், ஷீ சலிக்காது"ன்னு. நம்ம வீட்ல ரசத்துக்கு இருக்க எடம்னு வச்சுக்கோங்க, ஆனா செய்முறைல ரசத்த நெனச்சீங்கன்னா மோசம் போய்டுவீங்க, அதுக்கு அப்புறம் வரேன்.

டின் மீன் போட்டா அது ஏதோ ஹாஸ்டல் பசங்க கண்டுபிடிச்ச குறுக்குவழின்னு நெனைக்க வேணாம். ஷீல மீன் போடறது ரொம்பப் பழைய பழக்கம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத்துல வருஷத்துல பாதிக்கு மேல நோன்பு நாள்தான், அந்த நாள்ல கறி கெடையாது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்புல மீனுக்கு அனுமதியே ரெண்டு நாள்தான், மங்கள வார்த்தை திருநாளும் குருத்து ஞாயிறும், மத்தபடி காளான் போட்டோ வெறும் கோஸோடவோ வச்சுக் குடிப்பாங்க. ஆனா கிறிஸ்மஸுக்கு முந்தின நோன்புல மீன் சாப்பிடலாம்ங்கற நாள் நெறைய வரும், அப்ப மீன் ஷீ. காசு இருக்கவன் வீட்ல ஸ்டர்ஜன் மீனோட தலை, இல்லாதவன் வீட்ல ஸ்நெத்கி. ஸ்நெத்கின்னா ப்ஸ்கோவ் பக்கத்து ஏரில புடிக்கிற சுண்டுவிரல் அளவு மீன், அடுப்புல காயவச்சு மூட்டையா விப்பாங்க, நம்ம நெத்திலிக் கருவாடுதான் வேற ஊர்ல வேற பேர்ல. அப்ப காய்ஞ்ச மீன் போட்டாங்க, இப்ப டின் மீன் போடறாங்க, அவ்ளோதான்.

நடுவுல சோவியத் காலம் வந்து இந்தப் பழக்கத்த நல்லா ஊனிடுச்சு. கறித் தட்டுப்பாடு வந்தப்ப 1932 செப்டம்பர்ல மிகோயான் உணவுத்துறை பாத்துட்டு இருந்த காலத்துல கேண்டீன்கள்ல மீன் நாள்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, அப்புறம் 1976 அக்டோபர்ல திரும்பவும் கொண்டுவந்தாங்க, அந்தத் தடவ வியாழக்கிழமைன்னே முடிவு பண்ணி. ஏன் வியாழன்னா, புதனும் வெள்ளியும் சர்ச் நோன்பு நாள், அதோட ஒத்துப் போயிடக் கூடாதுன்னு வேணும்னே தள்ளி வச்சாங்கன்னு பெருசுங்க சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. "வியாழன் மீன் நாள்"ங்கறது இன்னைக்கும் வயசானவங்க வாயில வரும். கடைல கறி இல்லாட்டியும் டின் மீன் பிரமிடு மாதிரி அடுக்கி வச்சிருப்பாங்களாம், அப்ப வீட்ல என்ன பண்ணுவாங்க, ஷீலதான் போடுவாங்க.

சரி, உங்க உருளை ஏன் வேகலன்னு மொதல்ல பாத்துருவோம், ஏன்னா இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா வந்துரும். ஊர்ல அம்மா சாம்பார் வைக்கறப்ப காய் வெந்ததுக்கு அப்புறம்தான் புளிக்கரைசல ஊத்துவாங்க, முன்னாடியே ஊத்துனா "காய் வேகாதுடா"ம்பாங்க இல்லையா. அதேதான். காய்கறிக்குள்ள செல்ல செல்லோட ஒட்டி வச்சிருக்கறது பெக்டின், வெறும் தண்ணில கொதிக்கறப்ப அது இளகும், காய் மெத்துன்னு ஆகும். தண்ணி புளிப்பா இருந்தா பெக்டின் இளகாம புடிச்சுக்கிட்டு நிக்கும், ஒரு மணி நேரம் இல்ல ரெண்டு மணி நேரம் கொதிக்க வச்சாலும் வெளிய மெழுகு மாதிரி, உள்ள கரகரன்னு இருக்கும். புளிச்ச கோஸ்ல இருக்கறது லாக்டிக் அமிலம், நீங்க அதையும் உருளையையும் ஒண்ணா போட்டீங்க, முடிஞ்சது கதை. உருளை முழுசா வெந்து, கத்தி குத்துனா வழுக்கிட்டு எறங்கற பக்குவம் வந்த அப்புறம்தான் சட்டிக்குள்ள கோஸ் போகணும். இத மட்டும் மாத்துனாலே உங்க சூப் பாதி சரியாய்டும்.

மீன் கரைஞ்சதுக்குக் காரணம் இதுக்கு நேர் எதிர். டின்னுக்குள்ள இருக்கற மீன் ஏற்கனவே வெந்தது, சாதாரணமா வெந்தது இல்ல, சீல் பண்ண டின்னோட பிரஷர்ல 110 டிகிரிக்கு மேல வச்சு எடுத்தது, நம்ம பிரஷர் குக்கர் மாதிரியே. அதனாலதான் நடுமுள்ளுகூட விரல்ல அமுக்குனா பொடியாகுது. அத மறுபடி 40 நிமிஷம் கொதிக்கவிட்டு கரண்டியால கிண்டுனா ரவா கஞ்சிதான் வரும். மீன சமைக்காதீங்க, சூப்புல சூடு மட்டும் பண்ணுங்க. இன்னொண்ணு, டின்ல மீன் மட்டும் இல்ல, அந்தத் தண்ணிதான் உங்களுக்கு ஸ்டாக், அதாவது சூப்புக்கு ருசி குடுக்கற சாறு. மீன் அதோட சொந்த சாறுலயே வெந்து, ஒரு சொட்டு வெளிய போகாம உள்ளயே இருக்கு. அத சிங்க்ல ஊத்திட்டு அப்புறம் ஸ்டாக் க்யூப் தேடற பசங்கள பாத்திருக்கேன், வயிறு எரியும்.

உப்பு? புளிச்ச கோஸ்ல உப்பு இருக்கு, டின்ல உப்பு இருக்கு, நீங்க வேற பழக்கதோஷத்துல உருளை வேகறப்பவே ஒரு ஸ்பூன் போட்டிருப்பீங்க. எல்லாம் சேந்து அடங்கின அப்புறம் கடைசியா ருசி பாத்துட்டுப் போடுங்க, பல நாள் போடவே தேவைப்படாது.

இப்ப கோஸ், இந்த சூப்போட ஹீரோ அதுதான், மீன் இல்ல. அத சரியா வாங்கத் தெரியணும். புளிச்ச கோஸ க்வாஷெனயா கபூஸ்தாம்பாங்க. சூப்பர் மார்க்கெட்ல பக்கெட்ல அழகா வெள்ள வெளேர்னு இருக்கும், உடனே எடுக்காதீங்க, பின்னாடி திருப்பி உள்ள என்னென்ன சேத்திருக்குன்னு படிங்க. கோஸ், கேரட், உப்பு, இவ்வளவுதான் இருக்கணும். "ஊக்சுஸ்"னு ஒரு வார்த்தை இருந்தா அது வினிகர், அதாவது கோஸ் தானா புளிக்கல, புளிக்க வச்ச மாதிரி நடிக்குது. சர்க்கரையும் வினிகரும் எண்ணெயும் போட்ட புரொவன்சால்னு ஒண்ணு விப்பாங்க, சாலட்டுக்கு நல்லாருக்கும், சூப்புல போட்டா மூக்குல ஏறும், உள்ள ஆழம் இருக்காது. தயிருக்கும் எலுமிச்ச புழிஞ்ச பாலுக்கும் உள்ள வித்தியாசம்னு வச்சுக்கோங்க.

உங்க ஊர் மார்க்கெட்டுக்கு, அதான் ரீனக், சனிக்கிழமை காலைல போங்க. ஊறுகா வரிசைல அம்மாக்கள் பெரிய பெரிய வாளி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, கேக்கவே வேணாம், அவங்களே ஒரு சிட்டிக எடுத்து நீட்டுவாங்க. கையில வாங்கி மெல்லுங்க. கடிச்சா சத்தம் வரணும், புளிப்பு நாக்கோட ஓரத்துல மெதுவா பரவணும், பல்லு கூசக் கூடாது. கலர் பளிச்னு வெள்ளையா இல்லாம லேசா பழுப்பு கலந்த மஞ்சளா இருக்கும், அதுதான் சரி. கிரான்பெர்ரி போட்டது, பீட்ரூட் போட்டு ரோஸ் கலர்ல இருக்கறது, ஓமம் மாதிரி வாசன வர கேரவே போட்டதுன்னு பல வகை இருக்கும், மீன் ஷீக்கு ஒண்ணுமே போடாத சாதா வகைய வாங்குங்க. "ஷீக்கு வேணும்"னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க, வாளி அடில இருந்து நல்லா புளிச்சதா அள்ளிக் குடுப்பாங்க, கூடவே அந்தப் புளிச்ச தண்ணி, ரசோல்ம்பாங்க, அதையும் ஒரு கப் கவர்ல ஊத்தித் தரச் சொல்லுங்க. கடைசில புளிப்பு பத்தலன்னா அதுதான் கை குடுக்கும்.

பொறுமை இருந்தா நீங்களே போட்டுக்கலாம், ஒண்ணும் கஷ்டம் இல்ல. 3 லிட்டர் கண்ணாடி ஜாடி எல்லா ரஷ்ய வீட்லயும் இருக்கும், ரூம்மேட்ட கேளுங்க. இலையுதிர் காலத்துல வர கெட்டியான வெள்ளக் கோஸ் வேணும், கோடைல வர பச்சையான லூசான கோஸ் புளிக்க வைக்க ஆகாது, கொழகொழன்னு போய்டும். ஒரு கிலோ கோஸுக்கு 20ல இருந்து 25 கிராம் கல்லுப்பு, அயோடின் சேக்காதது, ஒரு கேரட் துருவுனது. மெல்லிசா சீவி உப்புப் போட்டு கையால நல்லா பெசஞ்சா தண்ணி விடும், ஜாடில அமுக்கி அமுக்கி அடைச்சா அந்தத் தண்ணிக்குள்ளயே கோஸ் முங்கணும், முங்காம மேல நிக்கற கோஸ்லதான் பூஞ்சை வரும். ரூம் சூட்டுல 3, 4 நாள். தினமும் ஒரு மரக் குச்சிய அடி வரைக்கும் குத்தி கேஸ வெளியேத்துங்க, இல்லன்னா கசக்கும், நாத்தமும் அடிக்கும், அப்புறம் கிச்சன்ல யாரும் உங்களோட பேச மாட்டாங்க. அப்புறம் பிரிட்ஜ்ல வைங்க. முந்தியெல்லாம் செப்டம்பர் கடைசில சிலுவைத் திருநாளுக்கு அப்புறம் ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் ஒண்ணு கூடி பாட்டுப் பாடிக்கிட்டே பீப்பாய் பீப்பாயா கோஸ் நறுக்குவாங்களாம், குளிர்காலம் முழுக்க வைட்டமின் சி-க்கு அதுதான் வழி, பனில வேற என்ன காய் கெடைக்கும்.

டின் விஷயம். என் ஓட்டு சாய்ராவுக்கு. பசிபிக் கடல்ல கூரில் தீவுகள் பக்கம் ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும் புடிக்கிற நீள மூக்கு மீன், கொழுப்பு அதிகம், டின்ல துண்டு துண்டா நிக்க வச்சு அடுக்கியிருப்பாங்க. சோவியத் காலத்துல சீசன் வந்தா ஷிகோதான் தீவுல இருந்த டின் பேக்டரிகளுக்கு நாடு முழுக்க இருந்து இளசுகள், முக்காவாசி பொண்ணுங்க, வேலைக்குப் போவாங்களாம். லேபிள்ல "நத்துரால்னயா"ன்னு இருக்கணும், அதாவது மீன், உப்பு, மசாலா இலை, கொஞ்சம் எண்ணெய், வேற ஒண்ணும் கெடையாது. அட்ரஸையும் பாருங்க, சஹாலின், கூரில், ப்ரிமோர்யேன்னு பசிபிக் ஓரத்து அட்ரஸா இருந்தா புடிச்ச எடத்துக்குக் கிட்டயே அடைச்சிருக்க வாய்ப்பு அதிகம், அதே சாய்ராவ நாட்டோட அந்தக் கோடில இருக்க கலினின்கிராட்ல அடைச்சிருந்தா ஐஸ்ல வச்சுக் கொண்டுபோய் உருக்கி அடைச்சது, துண்டு சீக்கிரம் உதிரும். சாய்ரா விலை ஏறிப் போச்சுன்னா கர்பூஷா, பிங்க் சால்மன், அதுவும் நத்துரால்னயாவே வாங்குங்க. கொஞ்சம் வறட்சியா இருக்கும், ஆனா சூப்பு தெளிவா வரும். ஸ்கூம்ப்ரியா, நம்ம அயிலை, வாசன தூக்கலா இருக்கும், எனக்குப் பிடிக்கும், எல்லாருக்கும் பிடிக்காது. ஷ்ப்ரோத்தி மட்டும் வேணாம், அது புகை போட்டு எண்ணெய்ல ஊற வச்ச மீன், பிரெட் மேல வச்சு சாப்பிடறதுக்கு, அதப் போட்டா சூப்பே புகை நாத்தம்.

அப்புறம் கில்கா, தக்காளி சாஸ்ல முங்கி இருக்கற குட்டி குட்டி மீன். நெருக்கியடிச்சுக் கெடக்கறதால சோவியத் காலத்து ஜனங்க அந்த டின்னுக்கு வச்ச செல்லப் பேரு "கூட்டுக் கல்லறை". இருக்கறதுலயே சீப்பு, ஸ்டூடண்ட் பட்ஜெட். ஆனா இத புளிச்ச கோஸ்ல போடாதீங்க, தக்காளிப் புளிப்பும் கோஸ் புளிப்பும் ஒண்ணோட ஒண்ணு சண்ட போடும். பச்சக் கோஸ் வச்சு செய்யறப்ப கில்கா சரியா இருக்கும், ஏன்னா பச்சக் கோஸ்ல புளிப்பு இல்ல, அந்த வேலைய தக்காளி பாத்துக்கும். எந்த டின்னா இருந்தாலும் மூடி உப்பியிருந்தா, தெறந்தப்ப புஸ்ஸுன்னு அடிச்சா, ருசி பாத்துத் தெரிஞ்சுக்கலாம்ங்கற வேலையே வேணாம், தூக்கிப் போடுங்க. நீங்க மெடிசின் ஸ்டூடண்ட், போட்யூலிசம், அதான் கெட்டுப்போன டின்னால வர உணவு விஷம், என்னன்னு நான் சொல்லித் தர வேணாம்.

செய்யற விதம். நாலு பேருக்கு: புளிச்ச கோஸ் 400 கிராம், உருளை 3, பெரிய வெங்காயம் 1, கேரட் 1, சாய்ரா டின் 250 கிராம் ஒண்ணு, சூரியகாந்தி எண்ணெய் 3 ஸ்பூன், மிளகு 6, 7, லாரல் இலை 2, ஒரு பல் பூண்டு, சதகுப்பைக் கீரை கொஞ்சம், தண்ணி 2 லிட்டர். லாரல் இலைன்னு அங்க விக்கறது நம்ம பிரியாணில போடற பிரிஞ்சி இலை இல்ல, அது வேற மரம், நம்மளது பட்டை வாசன அடிக்கும், ஊர்ல இருந்து கொண்டுபோனத இதுல போட்டுறாதீங்க. சதகுப்பைக்கு அங்க உக்ரோப், அது இல்லாம ரஷ்யாவுல சூப்பே கெடையாது.

மொதல்ல கோஸ். கையில எடுத்து லேசா புழிஞ்சு, புழிஞ்ச தண்ணிய தனியா வைங்க, ரொம்பப் புளிப்பா இருந்தா ஒரு தடவ தண்ணில அலசலாம், ரெண்டு தடவ அலசுனா வெறும் நார்தான் மிஞ்சும். நீளமா இருந்தா கத்தியால குறுக்க ரெண்டு வெட்டு, ஸ்பூன்ல இருந்து நூல் மாதிரி தொங்குனா சாப்பிடறவன் சட்டையெல்லாம் சூப்பு. அடி கனமான சட்டில ஒண்ணரை ஸ்பூன் எண்ணெய், கோஸ், ஒரு சிட்டிக சர்க்கரை, ஒரு கரண்டி தண்ணி, மூடி போட்டு சின்னத் தீல 40 நிமிஷம். இதுதான் தம்பி ரகசியம், உங்க பாட்டி சூப்புக்கும் உங்க சூப்புக்கும் வித்தியாசம் இந்த 40 நிமிஷம்தான். பழைய வீடுகள்ல மண்சட்டிய ரஷ்ய அடுப்புக்குள்ள தள்ளி கதவ சாத்திட்டா தணல் சூட்டுலயே மணிக்கணக்கா கெடக்கும், அதுக்கு தமீத்னு ஒரு வார்த்தை வச்சிருக்காங்க, கொதிக்கவும் விடாம ஆறவும் விடாம ஏங்க வைக்கறதுன்னு வச்சுக்கோங்க. ஹாஸ்டல்ல அடுப்புக்கு எங்க போறது, சின்னத் தீதான். 15வது நிமிஷத்துல தெறந்தா பச்சப் புளிப்பு முகத்துல அடிக்கும், சாக்ஸ் நாத்தம்னு ரூம்மேட் சொன்னா கண்டுக்காதீங்க. 30வது நிமிஷத்துல அது மாறும், லேசா இனிப்பா, ரொட்டி சுடற மாதிரி ஒரு வாசன வரும், கோஸ் தேன் கலருக்குப் போகும், ரெண்டு விரல்ல நசுக்குனா நசுங்கும். அடி புடிக்கற மாதிரி இருந்தா மட்டும் ஒரு கை தண்ணி தெளிங்க.

அந்தப் பக்கம் பெரிய சட்டில 2 லிட்டர் தண்ணி கொதிக்கட்டும், உருளைய பெரிய பெரிய துண்டா போடுங்க, 15 நிமிஷம், உப்பு வேணாம். பாட்டி ஒரு உருளைய வெட்டாம முழுசாப் போட்டு, வெந்ததும் எடுத்து முள்கரண்டியால மசிச்சு மறுபடி சூப்புல விட்டாங்க, சூப்பு கொஞ்சம் கெட்டியா ஒரு உடம்போட வரும். உருளை ரஷ்யாவுக்கு லேட்டா வந்த காய், அதுக்கு முன்னாடி கெட்டியாக்க மாவு கரைச்சு ஊத்துவாங்க, உருளை வந்ததும் அந்தப் பழக்கம் மெல்ல விட்டுப் போச்சு.

வெங்காயம், கேரட் ரெண்டையும் மிச்ச எண்ணெய்ல தனியா வதக்கணும், பேரு ஸஜார்கா. நம்ம தாளிப்பு மாதிரி சுறுக்குன்னு பண்றது இல்ல, மெதுவா 7, 8 நிமிஷம், வெங்காயம் பொன்னிறத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திடணும், கேரட் கலர் எண்ணெய்ல எறங்கியிருக்கும். உருளை வெந்துச்சான்னு கத்தி குத்திப் பாத்துட்டு கோஸையும் இந்த வதக்கலையும் உள்ள விடுங்க, மிளகு, லாரல் இலை போட்டு 10 நிமிஷம் மெதுவா. இப்ப டின் தெறங்க. மொதல்ல சாறு மட்டும் சட்டில ஊத்துங்க, எண்ணெய் கண்ணு கண்ணா மேல மிதக்கும், அத எடுக்காதீங்க, வாசனையே அதுலதான். மீன ஒரு தட்டுல சாச்சு முள்கரண்டியால ரெண்டா மூணா பொளந்து வைங்க. நடுமுள்ள எடுக்கறதும் விடறதும் உங்க இஷ்டம், நான் விட்டுருவேன், வாயில மாவாகும், கால்சியம் வேற. அடுப்ப ரொம்பக் கொறச்சு, மீன கரண்டியால எறக்கி வைங்க, கொட்டாதீங்க, அப்புறம் கரண்டிய தூரமா வச்சுருங்க, கிண்டவே கூடாது. 3 நிமிஷம், போதும். அணைச்சுட்டு நசுக்குன பூண்டு, நறுக்குன உக்ரோப் தூவி மூடி போட்டு அரை மணி நேரம் அப்படியே விடுங்க. அப்பதான் ருசி பாக்கணும், உப்பு தேவையா, இல்ல எடுத்து வச்ச கோஸ் தண்ணி ரெண்டு ஸ்பூன் தேவையான்னு.

அரை மணி நேரம்னு நான் சொல்றது பசி தாங்காதவங்களுக்கு. உண்மைல ஷீ மறுநாள்தான் ஷீ. சூத்தச்னியே ஷீன்னே ஒரு வகை இருக்கு, ஒரு நாள் வச்சதுன்னு அர்த்தம், வச்ச அன்னைக்கு சாப்பிடவே மாட்டாங்க. புளிப்பு உருளைக்குள்ளயும் வெங்காயத்துக்குள்ளயும் எறங்கி எல்லாம் ஒரே ருசிக்கு வரும், நம்ம ஊர்ல மீன் குழம்பு மறுநாள் நல்லாருக்கும்னு சொல்றதுக்கு என்ன காரணமோ அதேதான் இங்கயும். அந்தக் காலத்துல குளிர்ல பயணம் போறவங்க ஷீய உறைய வச்சு பனிக்கட்டியா வண்டில ஏத்திட்டுப் போய், வழில கோடாலியால ஒரு துண்டு வெட்டி சூடு பண்ணிக் குடிப்பாங்களாம். டின் மீன் ஷீல மட்டும் ஒரு சின்ன விஷயம், மறுநாளுக்குன்னு வைக்கப் போறீங்கன்னா மீன் போடறதுக்கு முன்னாடியே அந்தப் பங்க தனியா எடுத்து வச்சுருங்க, மறுநாள் சூடு பண்ணி அதுக்கு அப்புறம் மீன் போடுங்க, இல்லன்னா ரெண்டாவது தடவ சூடு பண்றப்ப உதிரும். மிச்ச மீன டின்லயே வச்சு பிரிட்ஜ்ல வைக்காதீங்க, தகர வாடை ஏறும், கண்ணாடி டப்பால மாத்துங்க. ஜனவரில பால்கனியே பிரிட்ஜ்தான், சட்டியோட வெளிய வச்சுருவாங்க, காலைல பாத்தா பாறாங்கல்லு.

பச்சக் கோஸ் வச்சு செய்யறத சோம்பேறி ஷீம்பாங்க, பேருலயே இருக்கு. 40 நிமிஷ வேலை இல்ல, உருளை பாதி வெந்ததும் கோஸ போட்டா 15, 20 நிமிஷத்துல முடிஞ்சுரும், ஜூன்ல வர எளசான கோஸா இருந்தா 6, 7 நிமிஷமே அதிகம். கடைசில ஒரு டின் கில்கா சாஸோட. அவ்ளோதான். பரீட்சை நேரத்துக்கு இது, ஞாயித்துக்கிழமைக்கு மேல சொன்னது.

மசாலா ஆசை உங்களுக்கு வரும், எனக்கும் வந்துச்சு. மஞ்சள், மல்லித்தூள், பெருங்காயம் ஒண்ணும் வேணாம். இந்த சூப்புல காரம் இல்லாததால ருசி இல்லன்னு நெனைக்கறது மொத வாரம்தான், அப்புறம் கோஸோட புளிப்பும் மீன் கொழுப்பும் நாக்குக்குப் புரிய ஆரம்பிச்சுரும், மிளகாத்தூள் போட்டா அந்த ரெண்டும் செத்துப் போகும். முடியலன்னா கடுகு, அங்க கெடைக்கற அரைச்ச கடுகு, கர்ச்சீத்சாம்பாங்க, சூப்புல கலக்காம பக்கத்துல பிரெட்ல தடவி கடிச்சுக்கோங்க, மண்டைல ஏறும், ஆசை தீந்துரும். ஸ்மெதானா, அந்தப் புளிச்ச க்ரீம், ஒரு ஸ்பூன் தட்டுல போட்டுக்கலாம், கொதிக்கற சட்டில போட்டா திரியும். மீன் ஷீக்கு ஸ்மெதானாவே கூடாதுன்னு சில வீட்ல கண்டிப்பா சொல்வாங்க, எங்க பாட்டி கட்சி அது, நான் அவங்க ஊருக்குப் போன நாள் பாத்து போட்டுக்குவேன்.

லீவுக்கு ஊருக்கு வந்து வீட்ல செஞ்சு காட்டணும்னா சாய்ரா தேடி அலைய வேணாம், உப்புத் தண்ணில அடைச்ச மத்தி டின் போதும். இலங்கைல இருக்க சொந்தக்காரங்களுக்கு டின்மீன் ஒரு விஷயமே இல்ல, எல்லாக் கடைலயும் இருக்கும். கோஸ் மட்டும் நீங்களேதான் புளிக்க வைக்கணும், நம்ம வெயில்ல ரெண்டு நாள்ல முடிஞ்சுரும், மூணாவது நாள் விட்டா கூழாய்டும்.

சோத்துல ஊத்தலாமான்னு கேட்டீங்க. ஊத்துங்க, யாரு கேக்கப் போறா, ஆனா உருளை ஏற்கனவே உள்ள இருக்கு, சோறும் சேந்தா தூக்கம்தான் வரும், மத்தியான கிளாஸ் போச்சு. பரதீன்ஸ்கி பிரெட் வாங்குங்க, கொத்தமல்லி விதை தூவுன அந்தக் கருப்பு பிரெட், ஓரத்துல ஒரு பல் பூண்டத் தேச்சு சூப்போட கடிச்சுப் பாருங்க. சோறுதான் வேணும்னா உருளைய விட்டுட்டு ஒரு கைப்பிடி அரிசிய அதே எடத்துல, அதாவது கோஸுக்கு முன்னாடி, போட்டு வேக விடுங்க, ரஷ்யாவுலயே தினை போட்டு வைக்கறவங்க உண்டு. பார்லி போடறதா இருந்தா ராத்திரியே ஊற வச்சுருங்க, இல்லன்னா உருளை கதை பார்லில திரும்ப நடக்கும்.